பெயர் சொல்லி அழைக்கும் அந்நியர்

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் வட்டாரத்தில் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தோட்டங்களே இருந்தன. அத்தகைய தோட்டங்களில்தான் நம் முன்னோர் பலர் பால்மரம் வெட்டினர். செம்பனைக் குலை அறுத்தனர். இன்று அந்நிலங்கள் சிலவற்றில் சன்னல்களே இல்லாத பெரிய கட்டடங்கள் எழுந்துள்ளன. அவை தரவு மையங்கள். 2019ஆம் ஆண்டு சிங்கப்பூர் புதிய தரவு மையங்கள் கட்டுவதைச் சில காலம் நிறுத்தி வைத்தது. அதன்பின் நிறுவனங்கள் பல பாலத்தைக் கடந்து ஜொகூருக்கு வந்தன. கூலாய் யங் என்னும் பழைய தோட்டத்து நிலத்தில் 500 மெகாவாட் அளவுக்குத் திட்டமிடப்பட்ட தரவு மையப் பூங்கா உருவாகி வருகிறது.

நாம் அனுப்பும் மின்னஞ்சல்களும் படங்களும் இத்தகைய கட்டடங்களில்தான் சேமிக்கப்படுகின்றன. சுற்றிலும் வேலி, வாயிலில் காவலர், உள்ளே நுழையக் கைரேகைச் சோதனை, மூலைக்கு மூலை கண்காணிப்புக் கருவி எனப் பாதுகாப்புக்குக் குறைவில்லை. ஆயினும், ஜொகூரிலும் பிற மாநிலங்களிலும் மக்கள் இணைய மோசடியில் பணத்தை இழந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவற்றுள் பல மோசடிகளில் யாரும் எந்தச் சுவரையும் உடைக்கவில்லை. திறன்பேசியில் ஓர் அழைப்பு வந்தது. அல்லது மின்னஞ்சல் பெட்டியில் ஒரு கடிதம் வந்தது. பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி ஆகிய யாவும் சரியாக இருந்தன. இவ்வளவும் தெரிந்தவர் வங்கி அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு இன்று ஏன் இடமில்லை என்பதை இப்பகுதியில் காண்போம்.

46.2 மில்லியன் எண்கள்

2017ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், லோயாட்.நெட் என்னும் உள்ளூர்த் தொழில்நுட்பச் செய்தித்தளம் நாட்டையே திடுக்கிடச் செய்த தகவலை வெளியிட்டது. மலேசியர்களின் தனிப்பட்ட விவரங்களை இணையத்தில் யாரோ விற்க முயன்றிருந்தார். ஆராய்ந்து பார்த்ததில், 46.2 மில்லியன் கைப்பேசி எண்களின் விவரங்கள், அதாவது 4 கோடியே 62 இலட்சம் எண்களின் விவரங்கள், வெளியே கசிந்திருந்தது தெரியவந்தது. எண்ணுக்குரியவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண், சிம் அட்டை விவரம், கைப்பேசிக் கருவியின் அடையாள எண் ஆகியவை அதில் இருந்தன.

அப்போது நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 32 மில்லியன். மக்களைவிட எண்கள் அதிகமாக இருந்தது எப்படி? நம் நாட்டில் ஒருவரே இரண்டு மூன்று எண்கள் வைத்திருப்பது வழக்கம். பயன்படுத்தாமல் விட்ட முன்கட்டண எண்களும் பட்டியலில் சேர்ந்திருந்தன. ஆகவே, அன்று கைப்பேசி வைத்திருந்த ஏறக்குறைய எல்லாருடைய விவரமும் கசிந்துவிட்டது என்றே கொள்ளலாம். உங்கள் பெற்றோரின் விவரமும் அதில் இருந்திருக்கக்கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த விவரங்கள் 2014ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் பொதுமக்களுக்குச் செய்தி எட்டியது. அதற்குள் அவை எத்தனை கைகள் மாறியிருக்கும்! மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமும் காவல் துறையும் விசாரணையில் இறங்கின. ஆனால், கசிந்த தகவலைத் திரும்பப் பெற எந்த விசாரணையாலும் இயலாது. படி எடுப்பதற்குச் செலவில்லாத பொருளைத் திருடர்களிடமிருந்து மீட்டாலும் படிகள் எங்கேயோ இருக்கத்தான் செய்யும்.

சட்டம் முன்பே இருந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. எனினும், தகவல் கசிந்தால் அதை அறிவித்தாக வேண்டும் என்னும் கடமை அச்சட்டத்தில் இல்லை. 2024இல் செய்யப்பட்ட திருத்தம் அக்குறையை நீக்கியது. 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்ததை அறியும் நிறுவனம் 72 மணி நேரத்திற்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். பெரிய பாதிப்பு ஏற்படுமெனில், பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். தரவுப் பாதுகாப்பு விதிகளை மீறுவோருக்கான அபராதமும் 300,000 ரிங்கிட்டிலிருந்து 1 மில்லியன் ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டுள்ளது. எனினும், இச்சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கே உரியது. மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது.

பன்னிரண்டு இலக்கங்கள் சொல்லும் கதை

கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். வங்கி அட்டை தொலைந்தால் வேறு அட்டை வாங்கலாம். அடையாள அட்டை எண்ணை அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. பிறந்தது முதல் இறக்கும்வரை அதே எண்தான். அது மட்டுமன்று. அந்த எண் இரகசியமாக இருக்கும் வகையில் அமைக்கப்படவும் இல்லை.

உங்கள் மைகார்டை எடுத்துப் பாருங்கள். முதல் ஆறு இலக்கங்கள் நீங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு இலக்கங்கள் பிறந்த மாநிலத்தைக் குறிக்கும். ஜொகூரில் பிறந்த உங்களில் பலருக்கு அது 01. எஞ்சியவை நான்கு இலக்கங்கள். அவற்றுள் கடைசி இலக்கம் ஆண்களுக்கு ஒற்றைப்படையாகவும் பெண்களுக்கு இரட்டைப்படையாகவும் அமையும். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பிறந்தநாள் கொண்டாட்டப் படத்தை நீங்கள் முகநூலில் ஏற்றுகிறீர்கள். வயதும் தேதியும் அணிச்சலிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. பிறந்த ஊர் உங்கள் அறிமுகப் பக்கத்தில் இருக்கிறது. இவற்றைக் கொண்டு முதல் எட்டு இலக்கங்களை ஓர் அந்நியர் எழுதிவிடலாம். மீதி நான்கு இலக்கங்களுக்கு 10,000 வாய்ப்புகள். நீங்கள் ஆணா பெண்ணா என்று தெரிந்தால் அதிலும் பாதி, அதாவது 5,000. கணினிக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நிகழ்வதையும் சொல்லியாக வேண்டும். சிறந்த தேர்ச்சி பெற்ற மாணவர் மகிழ்ச்சியில் தேர்வு முடிவுத் தாளைப் படம் பிடித்துப் புலனக் குழுவில் அனுப்புகிறார். பெருமைப்பட வேண்டிய செய்திதான். பாட்டியும் சித்தப்பாவும் பார்த்து மகிழட்டும். ஆனால், அத்தாளில் முழுப்பெயரும் அடையாள அட்டை எண்ணும் பள்ளியின் பெயரும் உள்ளன. கட்டை விரலால் எண்ணை மறைத்துப் படமெடுத்தால் மகிழ்ச்சி எவ்வகையிலும் குறைந்துவிடாது. வேலைக்கோ கடனுக்கோ அடையாள அட்டையின் நகலைக் கொடுக்கும்போது, குறுக்கே இரண்டு கோடு இழுத்து, ‘இன்ன காரியத்துக்கு மட்டும்’ என்று எழுதித் தேதியிடும் பழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. கைவிடக்கூடாத பழக்கம் அது.

இனி, மோசடிக்காரரின் அழைப்புக்கு வருவோம். மாசாயிலோ ஸ்கூடாயிலோ வசிக்கும் ஓய்வுபெற்ற ஒருவருக்கு அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசுபவர் மரியாதையாகப் பேசுகிறார். முழுப்பெயரைச் சொல்கிறார். அடையாள அட்டை எண்ணை ஒவ்வோர் இலக்கமாக ஒப்புவித்து, “சரிதானே, ஐயா?” என்று கேட்கிறார். முகவரியும் சரி. பிறகு, அவர் பெயரில் அனுப்பப்பட்ட பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்ததாகவோ, அவரது கணக்கு பணமோசடிக் குற்றத்தில் சிக்கியிருப்பதாகவோ கூறுகிறார். ‘காவல் நிலையத்துக்கே’ அழைப்பை மாற்றிவிடுகிறார். அங்கே பின்னணியில் நடைபேசி ஒலிகூடக் கேட்கிறது. திரையில் தெரியும் எண்ணோ உண்மையான காவல் நிலையத்தின் எண். இணையவழி அழைப்புகளில் அந்த எண்ணையும் பொய்யாகக் காட்ட முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. “விசாரணை முடியும்வரை பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களும் குற்றவாளிகள்” என்கிறது மறுமுனைக் குரல்.

மக்காவ் மோசடி என்று நம் நாட்டில் அழைக்கப்படுவது இதுதான். இதன் உயிர்நாடி அந்த முதல் நிமிடம். அடையாள அட்டை எண்ணை ஒப்புவித்ததும் கேட்பவரின் ஐயம் தணிந்துவிடுகிறது. 2014க்கு முன் அதற்கு ஓரளவு நியாயம் இருந்தது. 46.2 மில்லியன் எண்களின் விவரங்கள் விலைபேசப்பட்ட பிறகு, நம்மைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்திருப்பதால் அவர் யார் என்பது தெளிவாகிவிடாது. உண்மையான காவல் துறை தொலைபேசி வழியே யாருடைய பணத்தையும் வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வதில்லை. குடும்பத்தாரிடம் மறைக்கச் சொல்வதே மிகத் தெளிவான எச்சரிக்கை. தாத்தாவோ பெரியம்மாவோ வங்கிக்கு அவசரமாகக் கிளம்பினால், “எங்கே போறீங்க?” என்று கேட்க ஒருவர் வீட்டில் இருந்தாலே பல மோசடிகள் அங்கேயே நின்றுவிடும்.

மின்னஞ்சல் உறையின் பின்புறம்

வணிகர்களிடம் இதே தந்திரம் மின்னஞ்சல் வடிவில் வருகிறது. அதைப் புரிந்துகொள்ள, மின்னஞ்சலின் பிறப்பைச் சற்றுத் தெரிந்துகொள்வோம். 1971இல் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பு வழியே மின்னஞ்சல் அனுப்பும் முறையை உருவாக்கினார். பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க இன்று நாம் பயன்படுத்தும் குறியைத் தேர்ந்தவரும் அவரே. மின்னஞ்சலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லும் விதிமுறை 1982இல் வகுக்கப்பட்டது. அன்று வலையமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக, ஆய்வுக்கூட அறிஞர்கள். ஒருவரை ஒருவர் நம்பினர். எனவே, அனுப்புநர் உண்மையானவரா என்று சோதிக்கும் ஏற்பாட்டை அவ்விதிமுறையில் அவர்கள் சேர்க்கவில்லை. கடித உறையின் பின்புறம் யாருடைய பெயரையும் யாரும் எழுதலாம் அல்லவா? மின்னஞ்சலும் அப்படியே பிறந்தது.

பிற்காலத்தில் சோதனை முறைகள் வந்தன. 2024 பிப்ரவரி முதல், பெருமளவில் மின்னஞ்சல் அனுப்பும் நிறுவனங்கள் தங்கள் முகவரியை உறுதிப்படுத்த வேண்டும் என்று கூகிளும் யாகூவும் கட்டாயமாக்கின. நல்ல முன்னேற்றமே. ஆனால், அச்சோதனை ஒரு கேள்விக்குத்தான் விடை தரும்: இக்கடிதம் அந்த முகவரியிலிருந்துதான் வந்ததா? அந்த முகவரிக்காரர் நேர்மையானவரா என்பது அதற்குத் தெரியாது. மோசடிக்காரர் ஒரு நிறுவனத்தின் முகவரியைப் போலவே தோன்றும் வேறொரு முகவரியைப் பதிவுசெய்துகொள்கிறார். ஆர், என் என்னும் இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளை ஒட்டி எழுதினால் எம் என்னும் எழுத்தைப் போலவே தெரியும். திறன்பேசித் திரையில் வேறுபாடு காண்பது கடினம். அவருடைய கடிதம் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடும்.

மூவார் நகரம் தளவாடப் பொருள் ஏற்றுமதிக்குப் பெயர்பெற்றது. அங்கே ஒரு சிறு தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்வோம். கணக்குப் பிரிவில் ஒரே ஓர் ஊழியர். ஒரு நாள் அவர் போலியான உள்நுழைவுப் பக்கத்தில் தம் மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்துவிடுகிறார். உடனே எதுவும் நடப்பதில்லை. ஊடுருவியவர் சத்தமின்றிக் கடிதங்களைப் படித்துக்கொண்டே இருக்கிறார். யாரிடம் மரம் வாங்கப்படுகிறது, எப்போது பணம் செலுத்தப்படும், கடிதத்தை எப்படித் தொடங்குவார்கள் என்பனவற்றையெல்லாம் குறித்துக்கொள்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மரம் வழங்குபவரின் பெயரில் ஒரு கடிதம் வருகிறது: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. இம்மாதத் தொகையைப் புதிய கணக்கில் செலுத்துங்கள்.’ விலைப்பட்டியல் எண் சரி. தொகை சென் வரைக்கும் சரி. வழக்கமான நலம் விசாரிப்புகூட இருக்கிறது.

இக்கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் பிழை கண்டுபிடிக்க முடியாது. முன்பெல்லாம் எழுத்துப்பிழை ஓர் அடையாளமாக இருந்தது. 2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் பணத்தை ஊடுருவிகள் சூறையாடியபோது 8 கோடியே 10 இலட்சம் டாலர் பறிபோனது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட தொகையோ, பெறுநர் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால் வங்கி ஊழியரின் ஐயத்தைக் கிளப்பித் தடுக்கப்பட்டது. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையற்ற கடிதத்தை நொடியில் எழுதித் தருகின்றன. எழுத்துப்பிழையை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை.

மூவார் ஊழியரைக் காப்பாற்றக்கூடியது, பழைய கோப்பில் இருக்கும் தொலைபேசி எண். கடிதத்தில் தரப்பட்ட எண்ணை அழைக்கக் கூடாது; அது மோசடிக்காரரிடமே போய்ச் சேரும். பல ஆண்டாகப் பழகிய எண்ணை அழைத்து, “அண்ணே, பேங்க் கணக்க மாத்திட்டீங்களா?” என்று கேட்க வேண்டும். அரை நிமிட வேலை. இதைச் செய்ய ஊழியர்கள் தயங்குவதற்கும் காரணம் உண்டு. முதலாளி அவசரப்படுத்துவார், வாடிக்கையாளரைச் சந்தேகிப்பது மரியாதைக்குறைவு என்று தோன்றும். ஆகவே, கணக்கு எண் மாறினால் தொலைபேசியில் உறுதிசெய்த பின்னரே பணம் செலுத்த வேண்டும் என்று முதலாளியே விதி வகுத்துவிடுவது நல்லது. விதி என்று வந்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

சிறு நிறுவனங்கள்தாம் ஏமாறும் என்று எண்ணிவிட வேண்டாம். லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமசவுஸ்கஸ் என்பவர், தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயரிலேயே லாத்வியா நாட்டில் ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்தார். 2013 முதல் 2015 வரை, அப்பெயரில் போலி விலைப்பட்டியல்களும் மின்னஞ்சல்களும் கூகிளுக்கும் முகநூலுக்கும் சென்றன. அவ்விரு நிறுவனங்களும் உண்மையான குவாண்டாவிடம் வழக்கமாகப் பொருள் வாங்குபவை. எனவே, கேள்வி கேட்காமல் 10 கோடி டாலருக்கும் அதிகமாகச் செலுத்திவிட்டன. 2019 டிசம்பரில் அவருக்கு அமெரிக்க நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. உலகின் மிகச் சிறந்த கணினிப் பொறியாளர்களை வேலைக்கு வைத்திருந்த நிறுவனங்கள் அவை! இத்தகைய வணிக மின்னஞ்சல் மோசடிகளால் 2023இல் மட்டும் 290 கோடி டாலர் இழப்பு ஏற்பட்டதாக அமெரிக்கப் புலனாய்வுத் துறையிடம் புகார்கள் பதிவாகியுள்ளன.

அழைப்பிதழும் ஆறு இலக்க எண்ணும்

நம் வீடுகளுக்கு வரும் இன்னொரு வலை, திருமண அழைப்பிதழ். புலனத்தில், அறிமுகமான ஒருவரின் எண்ணிலிருந்தே வரக்கூடும். தொட்டால் படம் திறக்காது. ஒரு செயலியை நிறுவச் சொல்லும். அழைப்பிதழைப் பார்க்கச் செயலி எதற்கு என்று நின்று யோசிப்பவர் தப்பித்துக்கொள்வார். நிறுவிவிட்டால், அச்செயலி திறன்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படித்துக் குற்றவாளிக்கு அனுப்பும். வங்கி அனுப்பும் ஆறு இலக்க டேக் எண்ணும் அவற்றில் அடங்கும். இதனால்தான் 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டு, வங்கியின் சொந்தச் செயலியிலேயே ஒப்புதல் தரும் முறைக்கு மாறுமாறு வங்கிகளைப் பணித்தது. ஒருவருக்கு ஒரே கருவி என்னும் கட்டுப்பாடும் அப்போதுதான் அறிவிக்கப்பட்டது. திறன்பேசியை மாற்றும்போது வங்கிச் செயலி நம்மைப் பல மணி நேரம் காக்க வைப்பது எரிச்சலூட்டத்தான் செய்கிறது. திருடரும் அதே நேரம் காத்திருக்க வேண்டும் என்பதற்கே அந்த ஏற்பாடு.

கடவுச்சொல்லைப் பற்றி ஒன்று மட்டும். விளையாட்டுத் தளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தால், விளையாட்டுத் தளம் கசியும் நாளில் மின்னஞ்சலும் திறந்துகொள்ளும். மற்ற தளங்களின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்புகள் மின்னஞ்சலுக்குத்தான் வரும் என்பதால், மின்னஞ்சலுக்கு மட்டுமாவது தனிக் கடவுச்சொல்லும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இருக்கட்டும்.

பணம் போகும் வழி

ஏமாற்றப்பட்ட பணம் குற்றவாளியின் சொந்தக் கணக்கிற்குச் செல்வதில்லை. முதலில் வேறு யாரோ ஒருவரின் கணக்கில் விழும். அங்கிருந்து பல கணக்குகளுக்குப் பிரியும். பிறருக்காகப் பணம் சுமக்கும் இத்தகைய கணக்கை நம் நாட்டில் ‘கழுதைக் கணக்கு’ என்பர். இக்கணக்குகளின் உரிமையாளர்களில் படிவம் ஐந்தை முடித்த இளையோரும் உண்டு. ‘உன் வங்கி அட்டையைக் கொடு, மாதம் சில நூறு ரிங்கிட் தருகிறேன்’ என்று யாராவது கேட்டால், அது பகுதிநேர வேலை அன்று. 2024இல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டத்தின்படி, உரிய காரணமின்றித் தன் வங்கி அட்டையையோ கணக்கையோ பிறர் பயன்படுத்தக் கொடுப்பதே குற்றம். காவல் துறை முதலில் தேடி வருவதும் அட்டையில் பெயர் உள்ளவரைத்தான்.

பணம் அனுப்புமுன் பெறுநரின் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ காவல் துறையின் ‘செமாக் மியூல்’ இணையத்தளத்தில் சோதித்துப் பார்க்கலாம். அது குறித்து முன்பே புகார் இருந்தால் தெரிந்துவிடும். புகார் இல்லை என்பதால் கணக்கு நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. புதிதாகத் திறந்த கணக்கைப் பற்றி யாரும் இன்னும் புகார் செய்திருக்கமாட்டார்கள்.

அனுப்பிவிட்ட பிறகு தெரியவந்தால், உடனே 997 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். காவல் துறை, பேங்க் நெகாரா, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம், வங்கிகள் ஆகியவை இணைந்து 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது. பணம் முதல் கணக்கில் இருக்கும்போதே தகவல் கிடைத்தால், அக்கணக்கை முடக்க வாய்ப்புண்டு. கிளைகளாகப் பிரிந்த பின் பின்தொடர்வது கடினம். ஆகவே, வெட்கத்தாலோ வீட்டார் ஏசுவார்கள் என்ற அச்சத்தாலோ ஓர் இரவைத் தள்ளிப்போடுவது மோசடிக்காரருக்கே உதவும். பணம் அனுப்பிய நேரம், தொகை, பெறுநரின் கணக்கு எண், வந்த அழைப்பின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். குறுஞ்செய்திகளை அழித்துவிடாதீர்கள். பின்னர் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்யும்போது அவை தேவைப்படும்.